தண்டவாளத்தைக் கடைசியில் வாங்குங்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீடு, பின்பக்கம் 40க்கு 20 அடி கொல்லை காலியாகக் கிடக்கிறது, ஏழு வயது மகனுக்கு ரயில் என்றால் உயிர், வெளிநாட்டில் ஒருவர் தோட்டத்தில் குட்டி ரயில் ஓட்டுவதைக் காணொளியில் பார்த்ததிலிருந்து அதே மாதிரி வேண்டும் என்கிறான், எந்த செட் வாங்கலாம், வீட்டுக்குள் ஓட்டும் செட்டையே வெளியே போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிறபோக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: "நம்ம ஊர் மழைக்கும் உப்புக் காத்துக்கும் இது நிக்குமா?" என்னைப் பொறுத்தவரை உங்கள் கேள்வியே அந்தக் கடைசி வரிதான். நிற்கும். ஆனால் அதை நிற்க வைப்பது நீங்கள் வாங்கப்போகும் செட் இல்லை. அதற்கு அடியில் நீங்கள் போடப்போகும் படுகைதான்.

நான் ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் 29 ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி விழுப்புரத்திலிருந்து கடலூர் வழியாக மயிலாடுதுறை போகும் பாதையில், அது மீட்டர் கேஜாக இருந்த காலத்தில். இப்போது புதுச்சேரியில், அரியாங்குப்பம் பக்கம், வீட்டுக் கொல்லையில் 31 மீட்டர் குட்டிப் பாதை வைத்திருக்கிறேன். பெரிய பாதையில் கற்றதில் பாதிக்கு மேல் சின்னப் பாதைக்கும் அப்படியே பொருந்துகிறது. பொருந்தாத இடங்களையும் சொல்கிறேன்.

முதலில் அளவு. வீட்டுக்குள் ஓட்டும் செட் பெரும்பாலும் ஹெச்.ஓ. எனப்படும் அளவு, 87-ல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அதை வெளியே போடாதீர்கள். வேப்பம்பழம் ஒன்று விழுந்தாலே அந்த ரயிலுக்குப் பாறை விழுந்த மாதிரி. தோட்டத்துக்கென்றே உள்ளது 45 மி.மீ. பாதை. ஜெர்மனியின் லேமன் நிறுவனம் எல்.ஜி.பி. என்ற பெயரில் 1968-ல் கொண்டுவந்த செட்டுகளால்தான் அது உலகம் முழுக்கப் பரவியது. அந்த அளவு 22.5-ல் ஒரு பங்கு. இதில் எனக்குப் பிடித்த ஒரு கணக்கு இருக்கிறது. மீட்டர் கேஜ் என்றால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1000 மி.மீ. அதை 22.5-ஆல் வகுத்தால் 44.4. அதாவது இந்த அளவைத் தேர்ந்தெடுத்தவர்கள் மனதில் வைத்திருந்ததே மீட்டர் கேஜ் ரயிலைத்தான். இன்றைய அகலப்பாதை 1676 மி.மீ.; அதை அதே அளவில் சுருக்கினால் 74 மி.மீ.க்கு மேல் வரும், அதற்குக் கடையில் தண்டவாளம் கிடையாது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் 2010-ல் அகலப்பாதை திறப்பதற்கு முன்பு ஓடிய அந்தப் பழைய ரயில் இருக்கிறதே, அதைச் சரியான அளவில் உங்கள் கொல்லையில் ஓட்டலாம். ஒய்.பி. நீராவி எஞ்சினையும் ஒய்.டி.எம்.4 டீசலையும் உங்கள் மகன் பார்த்திருக்க மாட்டான். நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவனுக்குக் காட்ட இது நல்ல வழி.

மேலே உட்கார்ந்து போகும் ரயில் வேண்டும் என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 5 அங்குலம், ஏழேகால் அங்குலம் என்று அதற்குத் தனிப் பாதைகள் உண்டு. அது முழுக்க வேறு வேலை. எடையும் வேறு, பிரேக்கும் வேறு, வளைவுக்கே உங்கள் இடம் போதாது. நான் அதைக் கட்டியதில்லை என்பதால் அதற்குள் போகவில்லை.

இப்போது தண்ணீர். 2011 மே மாதம் என் முதல் பாதையைப் போட்டேன். மண்ணைக் கொத்திச் சமன் செய்து, இரண்டு அங்குலம் ஆற்று மணல் பரப்பி, அதன்மேல் பாதையை வைத்துவிட்டேன். வேலையில் இருந்தவரை ஜல்லியும் வடிகாலும் பார்க்காமல் ஒரு ஸ்லீப்பரை, அதாவது தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டையை, தொட்டதில்லை. வீட்டில் 18 மீட்டர்தானே என்று விட்டேன். புரட்டாசி மழையிலேயே ஸ்லீப்பருக்கு அடியிலிருந்து மணல் கரைந்து ஓடியது. பாதை சில இடங்களில் காற்றில் தொங்கியது, சில இடங்களில் ஜாயிண்ட் அமுங்கியது. டிசம்பர் 30 காலை 'தானே' என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது தென்னை ஒன்று குறுக்கே விழுந்து ஐந்தாறு துண்டுகளை நெளித்துவிட்டது. தென்னை விழுந்ததை என்னால் தடுத்திருக்க முடியாது. ஆனால் புயலுக்கு முன்பே பாதை கெட்டிருந்தது. அது தண்ணீர் செய்த வேலை, என்னால் தடுத்திருக்கக் கூடியது.

அதனால் உங்களுக்கு என் முதல் யோசனை: இந்த ஐப்பசி, கார்த்திகை முடியும்வரை எதுவும் வாங்காதீர்கள். கொல்லையில் ஆறேழு இடத்தில் மூங்கில் குச்சி அடியுங்கள். பெரிய மழை விட்டதும் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று ஒவ்வொரு குச்சியிலும் பெயிண்ட்டால் கோடு போடுங்கள். எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்று எழுதி வையுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கத்து மணல் நிலமாக இருந்தால் ஓரிரு மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். கெடிலம் ஆற்றை ஒட்டிய களிமண்ணாக இருந்தால் நாள் கணக்கில் நிற்கும்; வெயிலில் வெடித்து, மழையில் உப்பி, மேலே எது வைத்தாலும் தூக்கிப் போடும். திருப்பாதிரிப்புலியூரிலேயே தெருவுக்குத் தெரு மண் மாறுகிறது, உங்கள் கொல்லையை நான் பார்க்கவில்லை, ஆகவே உங்கள் மண் எது என்பதை அந்தக் குச்சிகள்தான் சொல்ல வேண்டும். பையனிடம் பெயிண்ட்டைக் கொடுங்கள். அது அவன் வேலை.

அந்தக் கோடுகளில் எது உயரமோ அதற்கு மேல் அரை அடி விட்டு உங்கள் பாதையின் அடிமட்டம் வர வேண்டும். என் இரண்டாவது பாதையைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தினேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது எங்கள் கொல்லையில் முழங்கால் அளவுக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றது. பாதையின் மேல் ஏறவில்லை. வடிந்த பிறகு ஜல்லியில் ஒட்டிய குப்பையைத் துடைத்தேன், இரண்டு இடத்தில் ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியைத் திணித்து பேக்கிங் செய்தேன், மறுநாள் வண்டி ஓடியது.

உயர்த்துவதற்கு நான் செய்த முறை இது. பாதை போகும் வழியெங்கும் ஓர் அடி ஆழம் தோண்டி, உடைத்த செங்கல் ஜல்லியைக் கொட்டி இடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் இரண்டு அடிக்கு ஒன்றாக ஹாலோ பிளாக் கல்லைச் சிமெண்ட் கலவையில் நிறுத்த வேண்டும். எல்லாக் கல்லின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் டியூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய அந்தப் பிளாஸ்டிக் குழாயைவிட நம்பகமான கருவி இந்த வேலைக்குத் தேவையில்லை. கல்லுக்குக் கல் மேலே கடப்பா கல் பட்டை. கடப்பா கல் கடையில் சமையல் மேடைக்கு அறுத்தது போக ஆறேழு அங்குல அகலத்தில் மிச்சம் கிடக்கும், விசாரித்தால் மலிவாகத் தருவார்கள். அது துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது, உப்புக்கும் கலங்காது. சவுக்குக் கட்டையில் கால் நட்டால் செலவு குறையும் என்று பலர் சொல்வார்கள். நம் பக்கம் சவுக்குக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் மண்ணுக்குள் போன பகுதியைக் கரையான் விடாது. வளைவில் பட்டைகளைச் சற்றே சாய்வாக அறுத்துச் சேர்க்க வேண்டும். அதைக் கடைக்காரரிடமே அறுத்து வாங்கிவிடுங்கள், வீட்டில் அறுத்தால் கல் பிளக்கும்.

பட்டையின் இரு ஓரமும் ஓர் அங்குல உயரத்துக்குச் சிமெண்டில் சின்ன வரம்பு கட்டி, இரண்டு அடிக்கு ஓர் இடத்தில் விரல் அகலம் இடைவெளி விடுங்கள். நடுவில் ஜல்லி. ஆற்று மணல், கூழாங்கல் இரண்டும் ஆகாது. உருண்டை உருண்டையாக இருப்பது ஒன்றோடொன்று பிடிக்காது, உருண்டு ஓடும். கிரஷரில் உடைத்த கூர்முனைக் கல்தான் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். பெரிய பாதையில் ஐந்து செ.மீ. கருங்கல் ஜல்லி போடுவதும் இதற்குத்தான். சின்னதற்கு மூன்று முதல் ஆறு மி.மீ. சிப்ஸ் ஜல்லி. வாங்கி வந்து சல்லடையில் சலித்துத் தூளை எடுத்துவிட்டுத் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். தூள் இருந்தால் மழையில் சேறாகி இறுகி வடிகாலை அடைக்கும்.

பாதையைக் கல்லோடு திருகாணி போட்டு இறுக்காதீர்கள். ஜல்லியின்மேல் மிதக்கவிடுங்கள். ஏன் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. பித்தளை ஒரு டிகிரி வெப்பத்துக்கு மீட்டருக்கு 0.019 மி.மீ. நீளும். மார்கழி விடியலில் 20 டிகிரியில் இருக்கும் தண்டவாளம், அக்னி நட்சத்திர நண்பகலில் நேர் வெயிலில் 60 டிகிரியைத் தொடலாம். அந்த 40 டிகிரிக்குப் பத்து மீட்டர் பாதை ஏழரை மி.மீ. நீளும். நீள இடம் இல்லையென்றால் பக்கவாட்டில் நெளியும். பெரிய பாதையில் கோடையில் எங்களைத் தூங்கவிடாத விஷயமே இந்த நெளிவுதான். 30 செ.மீ. துண்டுகளாக வரும் பாதையில் ஜாயிண்ட் நிறைய, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். ஒன்றரை மீட்டர் நீளத் தண்டவாளம் வாங்கினால், காலை குளிரில் போடும்போது ஜாயிண்டுக்கு ஒரு மி.மீ. இடைவெளி விடுங்கள், மே மாத மதியத்தில் போட்டால் இடைவெளி வேண்டாம்.

அப்புறம் பேக்கிங். மீட்டர் கேஜில் கேங்மேன்கள் பீட்டர் என்ற கருவியால் ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை அடித்து நுழைப்பார்கள். இங்கே அதற்குப் பழைய ஸ்க்ரூ டிரைவர் போதும். ஒரு சின்ன ரசமட்டத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்து, ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்திக்கொண்டே போங்கள். குமிழி நடுவிலிருந்து விலகும் இடத்தில் தாழ்ந்த பக்கத்து ஸ்லீப்பர் முனையைக் கட்டைவிரலால் லேசாகத் தூக்கி, அடியில் நாலு கல்லை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தள்ளுங்கள். விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு மீட்டருக்கு எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது. சின்ன ரயில் தடம்புரள்வதற்கு வளைவைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் காரணம் முறுக்குதான். இந்த முனையில் இடப்பக்கம் தாழ்ந்து, அரை மீட்டர் தள்ளி வலப்பக்கம் தாழ்ந்திருந்தால் நான்கு சக்கரத்தில் ஒன்று அந்தரத்தில் நிற்கும், அது தாண்டிவிடும்.

உங்கள் இடத்துக்கு என்ன வரும் என்று போட்டுப் பார்த்தேன். சுற்றிலும் நடக்க இடம் விட்டு, பத்து மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலத்தில் ஒரு நீள்வட்டம். இரு முனையும் இரண்டு மீட்டர் ஆரம். மொத்தம் 24.5 மீட்டர் பாதை. செட்டோடு வரும் வளைவுத் துண்டுகள் பெரும்பாலும் 60 செ.மீ. ஆரம்தான், 12 துண்டு சேர்ந்தால் ஒரு வட்டம். சின்ன எஞ்சினுக்கு அது ஓடும். நீளமான பெட்டி அதில் திரும்பும்போது பார்க்கவே கஷ்டமாக இருக்கும், சக்கரமும் தேயும். 1.2 மீட்டருக்குக் குறையாதீர்கள், இடம் இருக்கும்போது இரண்டு மீட்டர் போடுங்கள். ஏற்றம் வைக்க ஆசை வரும். மீட்டருக்கு இரண்டு செ.மீ.க்கு மேல் ஏற்றினால் வண்டி திணறும். ஓர் அடி ஏற 15 மீட்டர் பாதை வேண்டும். உங்கள் இடத்துக்குச் சமதளமே நல்லது. நிலத்தைத் தோண்டி ஏற்ற இறக்கம் காட்டுங்கள். ரயிலை ஏற்ற வேண்டாம். ஒரு நீளப் பக்கத்தில் நிலத்தை வெட்டி ஓர் ஓடை விட்டால் அதன்மேல் பெண்ணையாற்றுப் பாலம் தானாக வந்துவிடும்.

மின்சாரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடலோரத்தில் அதுதான் பலரைத் தோற்கடிக்கிறது. வழக்கமான செட்டில் தண்டவாளம் வழியாக 24 வோல்ட் வரை நேர் மின்சாரம் போகும். எஞ்சின் சக்கரத்தால் அதை எடுத்துக்கொள்ளும். பித்தளை நம் காற்றில் சில நாளிலேயே கறுக்கும், ஜாயிண்டில் பச்சை பூக்கும், வண்டி விக்கி விக்கி நிற்கும். நான் மூன்று ஆண்டுகள் வாராவாரம் தேய்த்துக் கொண்டிருந்தேன். பிறகு எஞ்சினுக்குள்ளேயே பேட்டரியும் ரேடியோ ரிமோட்டும் வைத்துவிட்டேன். தண்டவாளம் கறுத்தாலும் பச்சை பூத்தாலும் இப்போது கவலையில்லை; நாலு லித்தியம் செல், 14.8 வோல்ட், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு இதையே உறுதியாகச் சொல்வேன். செல்லை எஞ்சினிலிருந்து கழற்றி, அதற்கான சார்ஜரில், ஆள் பார்வையில் சார்ஜ் செய்யுங்கள். வெயிலில் நின்ற எஞ்சினுக்குள் வைத்தே சார்ஜ் போடாதீர்கள். கொல்லைக்கு 230 வோல்ட் இழுக்கவே வேண்டாம். நிலைய விளக்குக்கு இழுத்தே ஆக வேண்டுமென்றால், கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாமல் இழுக்காதீர்கள்.

இதுவரை சொன்னதில் படுகை, வடிகால், ஜல்லி, நீளும் கணக்கு ஆகியவற்றைச் சத்தியம் செய்து சொல்வேன். இனி சொல்வது அந்த அளவு உறுதியில்லை. பித்தளையா, எவர்சில்வரா என்றால், பேட்டரி வைத்த பிறகு எதுவும் ஓடும். எவர்சில்வர் பளபளப்பு நிற்கும், ஆனால் விலை கூடுதல், வளைப்பது கடினம். அலுமினியத்தை உப்புக் காற்றில் நான் நம்பவில்லை, இது சோதித்துச் சொன்னதில்லை, ஜன்னல் சட்டங்கள் பூத்துப்போவதைப் பார்த்துச் சொல்வது. பிளாஸ்டிக் ஸ்லீப்பர் நம் வெயிலில் எத்தனை ஆண்டு தாங்கும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. என்னிடம் ஒரு வகை பத்தாண்டு தாண்டியும் இருக்கிறது, இன்னொன்று மூன்றாம் கோடையில் பொடிந்தது. வாங்கும்போது புற ஊதாக் கதிர் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், தெற்கு வெயில் படும் பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

செடிக்கு வெளிநாட்டுப் படங்களைப் பார்க்காதீர்கள், அவை நம் வெயிலில் வராது. இலை சின்னதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மருதாணியைக் கத்தரித்துக் கத்தரித்து வளர்த்தால் இரண்டு அடியிலேயே ஆலமரம் மாதிரி நிற்கும். குட்டை ரக இட்லிப்பூ, டுரண்டா, துளசி, தரைக்குப் பத்துமணிப்பூ எல்லாம் நன்றாக வரும். அருகம்புல்லைப் பாதைக்கு இரண்டு அடிக்குள் விடாதீர்கள், ஜல்லிக்குள் ஓடி ஸ்லீப்பரையே தூக்கும். முருங்கை நிழலில் பாதை போடாதீர்கள். ஒரு முருங்கை ஈர்க்கு தண்டவாளத்தின் குறுக்கே கிடந்தால் முன் சக்கரம் அதில் ஏறி இறங்கத் தெரியாமல் சாயும். பெருச்சாளி அடியில் வளை தோண்டும், அதற்குத்தான் அந்தச் செங்கல் ஜல்லி. கடப்பா கல்லுக்கு அடியில் இருட்டான சந்து விட்டால் பாம்பு தங்கும். குழந்தை விளையாடும் இடம், ஆகவே தூணுக்குத் தூண் நடுவில் கை விட்டுப் பார்க்கும்படி வெளிச்சமாக வையுங்கள், அல்லது முழுக்க மூடிவிடுங்கள். ஓடையில் தண்ணீர் நின்றால் கொசு. ஓட்டாத நாளில் வடித்துவிடுங்கள்.

செலவுக்குத் தொகை எழுதினால் அடுத்த மாதமே தப்பாகிவிடும். ஆனால் விகிதம் சொல்லலாம்: கல், ஜல்லி, கொத்தனார் கூலி இவையெல்லாம் சேர்ந்தாலும், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் தண்டவாளத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். புதுச்சேரியில் பிரான்சில் சொந்தக்காரர் இல்லாத தெரு குறைவு. ஊருக்கு வரும் யாரிடமாவது சொல்லி, அங்கே பழைய செட் விற்பவர்களிடமிருந்து தண்டவாளம் மட்டும் வாங்கி வரச் சொல்லுங்கள். பழைய பித்தளைத் தண்டவாளத்துக்கு ஒன்றும் ஆகாது, புளி போட்டுத் தேய்த்தால் போதும். 45 மி.மீ. என்று எழுதி இங்கே விற்கும் பேட்டரி பொம்மை செட்டும் தொடக்கத்துக்குப் பரவாயில்லை, ஆனால் ஓர் அளவுகோலை எடுத்துப் போங்கள்: எதிரெதிர் சக்கரங்களின் உள்பக்கத்துக்கு நடுவே 40 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். மிகவும் குறைந்தாலும் கூடினாலும் நல்ல பாதையில் அது ஓடாது. பெட்டிகளையும் நிலையத்தையும் வாங்காதீர்கள். பி.வி.சி. ஷீட்டை அறுத்து, அரால்டைட்டில் ஒட்டி, நீங்களும் பையனும் சேர்ந்து செய்யலாம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் திருப்பாதிரிப்புலியூர் என்று எழுத அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேவைப்படும்.

பாதை ஓடத் தொடங்கியதும் அவனைக் கீமேன் ஆக்கிவிடுங்கள். பெரிய பாதையில் கீமேன் தினமும் தன் பகுதியை நடந்து தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடித்திருக்கும் ஒவ்வொரு சாவியையும் ஜாயிண்டையும் பார்ப்பார். உங்கள் 24.5 மீட்டருக்கு ஐந்து நிமிடம். வண்டி எடுக்கும் முன் ஒரு சுற்று நடந்து ஈர்க்கு, சருகு, எறும்புப் புற்று எடுக்க வேண்டும், தண்டவாளத்தை விரலால் தொட்டு ஆடுகிறதா பார்க்க வேண்டும், பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். என் பேத்தி அப்படி எழுதிய நோட்டு இரண்டு முடிந்துவிட்டது. குச்சிகளில் கோடு விழுந்த பிறகு, அளவுகளோடு கொல்லையின் படம் ஒன்று வரைந்து இங்கேயே போடுங்கள். தூண் எங்கெங்கே வர வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.